உடற்பயிற்சிக் கலோரியை மீள உண்ணல்

உடற்பயிற்சிக் கலோரியை மீள உண்ணல் என்பது, உடல் எடையைக் குறைக்க முயலும் ஒருவர், உடற்பயிற்சியில் செலவான ஆற்றலைக் கணக்கிட்டு, அதே அளவு ஆற்றலையோ அதன் ஒரு பகுதியையோ தரும் உணவைத் தமது அன்றாட உணவு வரம்புக்கு மேல் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும். ஒருவரின் வரம்பு நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று கொள்வோம். 300 கலோரி செலவாகும் அளவுக்கு ஓடிய நாளில் அவர் 1,800 கலோரி உண்ணலாமா, அல்லது 1,500 கலோரியுடன் நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதே இங்குள்ள வினா.

இவ்வினாவுக்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான விடைகள் கூறப்படுகின்றன. அவற்றுட் பல, 1,500 என்னும் எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதைக் கேளாமலே கூறப்படுபவை. அவ்வெண்ணில் உடற்பயிற்சி ஏற்கனவே சேர்க்கப்பட்டுள்ளதா, 300 என்னும் எண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது, பயிற்சி செய்பவரின் உடற்கொழுப்பும் பயிற்சியின் அளவும் எவ்வளவு ஆகியவற்றைப் பொறுத்தே விடை மாறும். தவறான விடை இருபுறமும் இழப்பைத் தரக்கூடியது: ஒருபுறம் மாதக்கணக்கில் உழைத்தும் எடை குறையாமை, மறுபுறம் எலும்புத் தேய்வும் மாதவிடாய் நின்றுபோதலும்.

அடிப்படைகள்

உணவியலில் கலோரி என வழங்கப்படுவது உண்மையில் கிலோகலோரி ஆகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கிலோகலோரி, இது 4.184 கிலோஜூலுக்குச் சமம். இக்கட்டுரையிலும் கலோரி என்னும் சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் தருகின்றன என்னும் எண்கள் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டரின் ஆய்வுகளிலிருந்து வந்தவை. 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரும் இயற்பியலாளர் எட்வர்டு ரோசாவும், ஓர் ஆள் பல நாட்கள் தங்கியிருக்கக்கூடிய கலோரிமானி அறை ஒன்றை அமைத்தனர். அவ்வறையில் தங்கியவர்கள் ஓய்வாக இருந்தபோதும், நிலையாகப் பொருத்தப்பட்ட மிதிவண்டியை மிதித்தபோதும் வெளிவிட்ட வெப்பம் அளக்கப்பட்டது. உட்சென்ற ஆற்றலும் வெளியேறிய ஆற்றலும் மனித உடலிலும் சமன்படுகின்றன என்பதை அச்சோதனைகள் காட்டின. எடைகுறைப்புக் கணக்குகள் யாவும் இச்சமன்பாட்டின் மீதே நிற்கின்றன.

ஒருவரின் அன்றாட ஆற்றற் செலவை மூன்றாகப் பிரிக்கலாம். மூச்சு, இதயத்துடிப்பு, மூளை, கல்லீரல் முதலியவற்றின் இயக்கத்துக்காக ஓய்விலும் நிகழும் செலவு பெரும்பாலானோருக்கு மொத்தத்தில் பாதிக்கும் மேலானது. உண்ட உணவைச் செரிக்கவும் சேமிக்கவும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. எஞ்சியது உடலசைவுக்கானது. இவ்வுடலசைவிலும் திட்டமிட்ட உடற்பயிற்சி ஒரு பகுதி மட்டுமே. நிற்றல், நடத்தல், வீட்டு வேலை, இருக்கையில் அமர்ந்தபடியே அசைதல் ஆகியவையும் இதில் அடங்கும்.

செலவைவிட வரவு குறையும்போது ஆற்றற் பற்றாக்குறை உண்டாகிறது. உடல் தன் சேமிப்பைக் கரைத்து அதை ஈடுகட்டுகிறது. ஒரு கிலோகிராம் எடை இழப்புக்குச் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை தேவை என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர் 1958இல் வெளியிட்ட கணக்கே இதன் மூலம். எடை குறையக் குறையச் செலவும் குறைவதால், நீண்ட காலத்துக்கு இந்த எண்ணை அப்படியே பெருக்கிப் பயன்படுத்த இயலாது. கெவின் ஹாலும் அவர் குழுவினரும் 2011இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணிதப் படிமம் இம்மாற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சில வாரக் கணக்குக்கு மட்டும் பழைய எண் போதுமானது.

வினா எழுந்த பின்னணி

பொதுமக்கள் கலோரியை எண்ணி உண்ணும் பழக்கம் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1918இல் வெளியிட்ட நூலால் அமெரிக்காவில் பரவியது. எனினும், தாளில் எழுதிக் கணக்கு வைத்த காலத்தில் உடற்பயிற்சியை நாள்தோறும் வரவாக எழுதும் வழக்கம் அவ்வளவாக இல்லை. 2005இல் தொடங்கப்பட்ட மைஃபிட்னஸ்பால் போன்ற கணினிச் சேவைகளும், பின்னர் வந்த கைபேசிச் செயலிகளும் இதை மாற்றின. பயனர் உடற்பயிற்சியைப் பதிவு செய்தவுடன் அன்றைக்கு மீதமுள்ள கலோரி எண்ணிக்கை திரையில் உயர்ந்து காட்டும். வங்கிக் கணக்கில் பணம் சேர்வது போன்ற இத்தோற்றமே, சேர்ந்ததைச் செலவழிக்கலாமா என்னும் வினாவைப் பலரிடத்தும் எழுப்பியது.

இரு கணக்கு முறைகள்

உணவு வரம்பைக் கணக்கிட இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. இரண்டிலும் முதலில் ஓய்வுநிலைச் செலவு கணக்கிடப்படுகிறது. இதற்கு 1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு பெரிதும் பயன்படுகிறது. கிலோகிராமில் எடையை 10ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, ஆண்களுக்கு 5ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு 161ஐக் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 80 கிலோகிராம் எடையும் 170 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 30 வயது ஆணின் ஓய்வுநிலைச் செலவு ஏறத்தாழ 1,718 கலோரி.

முதல் முறையில் இவ்வெண், உடற்பயிற்சி இல்லாத, அமர்ந்து பணிபுரியும் வாழ்க்கைக்குரிய 1.2 என்னும் காரணியால் பெருக்கப்படுகிறது. விடை 2,061. நாளொன்றுக்கு 500 கலோரி பற்றாக்குறை வேண்டுமெனில் வரம்பு 1,561 ஆகும். இங்கு உடற்பயிற்சி கணக்கில் இல்லை. ஆகவே உடற்பயிற்சி செய்த நாளில் அதற்குரிய அளவை மீள உண்பது இம்முறையின் ஒரு பகுதியே ஆகும். மேற்கூறிய செயலி பின்பற்றுவது இவ்வகைக் கணக்கையே.

இரண்டாவது முறையில் வாரத்தின் உடற்பயிற்சி முழுவதும் முன்கூட்டியே சராசரியாகச் சேர்க்கப்படுகிறது. வாரத்தில் 3 முதல் 5 நாட்கள் மிதமான பயிற்சி செய்வோருக்கு 1.55 என்னும் காரணி தரப்படுகிறது. அப்போது செலவு 2,662, வரம்பு 2,162. இம்முறையில் பயிற்சி செய்த நாளும் செய்யாத நாளும் ஒரே வரம்புதான். மீள உண்பதற்கு இங்கு இடமில்லை.

குழப்பம் பெரும்பாலும் இவ்விரண்டும் கலக்கும் இடத்திலேயே பிறக்கிறது. இரண்டாவது முறையில் 2,162 என்ற வரம்பைப் பெற்ற ஒருவர், கைக்கடிகாரம் காட்டும் 400 கலோரியையும் சேர்த்து உண்டால் வரவு 2,562 ஆகும். 500ஆக இருக்க வேண்டிய பற்றாக்குறை 100ஆகச் சுருங்கும். ஒரு கிலோகிராம் குறைய இரண்டரை மாதங்கள் ஆகும். இது இரட்டைக் கணக்கு எனப்படும் பிழை. மாறாக, முதல் முறையில் 1,561 என்ற வரம்பைப் பெற்றவர் நாள்தோறும் 600 கலோரிக்கு ஓடி, எதையும் மீள உண்ணாவிட்டால் பற்றாக்குறை 1,100ஆக உயரும். சில நாட்களுக்கு இது பெரிதன்று. பல மாதங்கள் தொடரும்போது தசை இழப்பும் களைப்பும் வரும். அதன் பின் கட்டுப்பாடின்றி உண்ணலும் வரக்கூடும்.

பெருக்குக் காரணிகள் மிகத் தோராயமானவை என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1.2க்கும் 1.55க்கும் இடையிலான வேறுபாடு நாளொன்றுக்கு 601 கலோரி. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு 300 கலோரி செலவாகும் பயிற்சி செய்பவரின் சராசரியோ நாளுக்கு 214 கலோரி மட்டுமே. மாலையில் அரைமணி நேரம் நடப்பவர் தம்மை "மிதமான உடலுழைப்பு உள்ளவர்" என்று படிவத்தில் குறித்துக்கொள்வது இயல்பு. அந்த ஒரு தெரிவே திட்டமிட்ட பற்றாக்குறை முழுவதையும் விழுங்கிவிடக்கூடும்.

மொத்தச் செலவும் நிகரச் செலவும்

உடற்பயிற்சியின் ஆற்றற் செலவு பெரும்பாலும் மெட் எனப்படும் அலகைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் நிலையே 1 மெட். இது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. பல நூறு செயல்களுக்கான மெட் மதிப்புகளின் தொகுப்பை பார்பரா ஐன்ஸ்வொர்த் தலைமையிலான குழு 1993இல் முதன்முறையாக வெளியிட்டது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது.

சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது சுமார் 3.5 மெட். 80 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் 280 கலோரி செலவாகிறது. இது மொத்தச் செலவு. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் 80 கலோரி செலவாகியிருக்கும். அது நாள் முழுவதற்குமான 2,061இல் ஏற்கனவே அடங்கிவிட்டது. நடந்ததனால் கூடுதலாகச் செலவானது 200 மட்டுமே. இதுவே நிகரச் செலவு. மீள உண்பதற்குரிய எண் எதுவாயினும் அது நிகரச் செலவைத் தாண்டக் கூடாது. ஆயினும் பல அட்டவணைகளும் உடற்பயிற்சிக்கூட இயந்திரங்களும் மொத்தச் செலவையே காட்டுகின்றன.

இப்பிழை மெதுவான பயிற்சிகளில் பெரிதாகவும், கடுமையான பயிற்சிகளில் சிறிதாகவும் இருக்கும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேக ஓட்டம் சுமார் 8.3 மெட் என்பதால், மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கே மிகை. 3.5 மெட் நடையில் ஏழில் இரு பங்கு மிகை. 2.5 மெட் அளவுள்ள எளிய யோகாசனப் பயிற்சியில் ஐந்தில் இரு பங்கு மிகை. ஆகவே நீண்ட நேரம் மெதுவாகச் செய்யும் பயிற்சியைப் பெரிய எண்ணாகப் பதிவு செய்து மீள உண்பவரே மிகுதியாக ஏமாறுகிறார்.

அளவீட்டுப் பிழைகள்

ஓர் ஆளின் உண்மையான ஆற்றற் செலவை ஆய்வகத்தில் மூச்சுக்காற்றின் ஆக்சிசன், கார்பன் டைஆக்சைடு அளவுகளைக் கொண்டு நன்கு அளக்கலாம். அன்றாட வாழ்க்கையில் அளப்பதற்கு இரட்டை அடையாளமிட்ட நீர் முறை உள்ளது. ஐதரசன், ஆக்சிசன் ஆகியவற்றின் கன ஓரிடத்தான்கள் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அவை சிறுநீர் வழியே குறையும் வேகத்தைக் கொண்டு கார்பன் டைஆக்சைடு உற்பத்தி கணக்கிடப்படுகிறது. நேத்தன் லிஃப்சன் 1950களில் விலங்குகளுக்கென உருவாக்கிய இம்முறை, 1982இல் டேல் ஷோலரால் மனிதரில் பயன்படுத்தப்பட்டது. இவையிரண்டும் பொதுமக்களுக்கு எட்டாதவை.

மணிக்கட்டில் அணியும் கருவிகள் இதயத்துடிப்பையும் கையசைவையும் கொண்டு கலோரியை ஊகிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 60 தன்னார்வலர்களிடம் ஏழு கருவிகள் சோதிக்கப்பட்டன. ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை நன்றாகவே அளந்தன. ஆற்றற் செலவிலோ, மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது. மிக மோசமான கருவியின் பிழை 93 விழுக்காடு. கருவிகள் அதன்பின் மாறியுள்ளன என்றாலும், இதயத்துடிப்பிலிருந்து கலோரியை ஊகிப்பதில் உள்ள இடர் மாறவில்லை: ஒரே துடிப்பு வீதம் பயிற்சி பெற்ற உடலிலும் பெறாத உடலிலும் வெவ்வேறு செலவைக் குறிக்கும், வெயிலும் பதற்றமும் காப்பியும் கூடத் துடிப்பை உயர்த்தும்.

கருவி இல்லாமல் உள்ளுணர்வால் ஊகிப்பது இன்னும் பிழையானது. கனடாவில் இயல்பான எடையுள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடுபொறியில் பயிற்சி செய்தவர்கள் தாம் செலவழித்த கலோரியை உண்மையைவிட மூன்று, நான்கு மடங்காக மதிப்பிட்டனர். செலவழித்த அளவுக்கு மட்டும் உணவை எடுத்துக்கொள்ளுமாறு கூறியபோது, அவர்கள் செலவழித்ததைப் போல இரண்டு, மூன்று மடங்கு உண்டனர்.

உணவுப் பக்கத்திலும் இதே நிலைதான். "எவ்வளவு குறைத்து உண்டும் எடை குறையவில்லை" என்று கூறிய பருமனானவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அவர்கள் தம் உணவைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், தம் உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் கூறியது தெரியவந்தது. அவர்களின் வளர்சிதைமாற்றத்தில் குறையேதும் இல்லை. இதனைப் பொய் என்று கொள்வது சரியன்று. தாளிக்க ஊற்றிய எண்ணெய் கணக்கில் வராமல் போவது எவருக்கும் நிகழ்வதே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி தரும். மேற்கண்ட நடையாளர் ஒரு மணி நேரத்தில் கூடுதலாகச் செலவழித்ததில் இது பாதிக்கு மேல். இரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை அதைத் தாண்டிவிடும்.

உடல் தானாகவே ஈடுசெய்தல்

பயிற்சியில் செலவான கலோரியை ஒருவர் எண்ணி மீள உண்ணாவிட்டாலும், உடல் அதில் ஒரு பகுதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இது இரு வழிகளில் நிகழ்கிறது. ஒன்று, பசி கூடுவதால் அறியாமலே அதிகம் உண்ணல். மற்றொன்று, பிற செலவுகளைக் குறைத்தல்.

உழைப்புக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது. ஊட்டவியலாளர் ஜீன் மேயரும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றைச் சேர்ந்த 213 ஆண்களை ஆராய்ந்து 1956இல் முடிவை வெளியிட்டனர். கடைகளில் நாள் முழுதும் அமர்ந்திருப்போர் முதல் எழுத்தர்கள், நெசவாளர்கள், பெரும் பாரம் சுமப்போர் வரை இதில் அடங்குவர். மிதமான உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை, உழைப்புக்கு ஏற்ப உணவும் கூடியது. உடல் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மிகக் குறைவாக உழைப்போரிடம் உணவு அதற்கேற்பக் குறையவில்லை. கடும் உழைப்பாளிகளுக்கு நிகராக அவர்கள் உண்டனர். எடையும் அதிகமாக இருந்தது. இந்த ஆய்வு இருவகையில் முக்கியமானது. உழைப்பவரின் பசி செலவைப் பின்தொடர்கிறது என்பதையும், அசையாதவரின் பசி அவ்வாறு பின்தொடர்வதில்லை என்பதையும் இது ஒருசேரக் காட்டியது.

ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. பிரித்தானியாவில் நீல் கிங், ஜான் பிளண்டெல் ஆகியோர் அடங்கிய குழு, அதிக எடையுள்ள 35 பேருக்கு 12 வாரங்கள் மேற்பார்வையுடன் பயிற்சி அளித்து 2008இல் முடிவை வெளியிட்டது. அனைவரும் ஒரே அளவு ஆற்றலைச் செலவிடுமாறு பார்த்துக்கொள்ளப்பட்டனர். சராசரியாக 3.7 கிலோகிராம் குறைந்தது. ஆனால் ஒருவர் 14.7 கிலோகிராம் இழந்தார், மற்றொருவருக்கு 1.7 கிலோகிராம் கூடியது. எடை சிறிதே குறைந்தவர்கள் பயிற்சிக் காலத்தில் கூடுதலாக உண்டது கண்டறியப்பட்டது. அவர்களை யாரும் மீள உண்ணுமாறு கூறவில்லை.

அமெரிக்காவில் திமொத்தி சர்ச்சும் அவர் குழுவினரும் மாதவிடாய் நின்ற, அதிக எடையுள்ள பெண்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆறு மாத ஆய்வும் இதையே காட்டுகிறது. வாரத்துக்கு ஏறத்தாழ 72, 136, 194 நிமிடங்கள் பயிற்சி செய்த மூன்று குழுக்களுள், முதலிரண்டு குழுக்களின் எடை இழப்பு கணக்குடன் ஒத்துப்போனது. மிக அதிகம் பயிற்சி செய்த குழு 2.7 கிலோகிராம் இழந்திருக்க வேண்டும்; இழந்தது 1.5 மட்டுமே.

செலவுப் பக்கத்து ஈடுசெய்தலை மானிடவியலாளர் ஹெர்மன் பொன்ட்சர் முன்வைத்தார். தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்பவர்கள். நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். 2012இல் வெளியான ஆய்வில், உடலளவைக் கணக்கில் கொண்டால் அவர்களது அன்றாட மொத்த ஆற்றற் செலவு மேலை நாட்டு நகரவாசிகளின் செலவிலிருந்து வேறுபடவில்லை என்று இரட்டை அடையாளமிட்ட நீர் முறை காட்டியது. உடலுழைப்பு கூடும்போது உடல் பிற இயக்கங்களில் சிக்கனம் செய்கிறது என்பது அவரது விளக்கம். இது எந்த அளவுக்கு உண்மை என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது. 1,754 பேரின் அளவீடுகளை ஒருங்கே ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை ஒன்று, உடலுழைப்பில் கூடுதலாகச் செலவாகும் கலோரியில் சராசரியாக 28 விழுக்காடு மொத்தச் செலவில் தென்படுவதில்லை என்று மதிப்பிட்டது. பருமனானவர்களில் இவ்விழுக்காடு மேலும் அதிகம் எனவும் அது கூறியது.

"பாதியை உண்ணுக" என்னும் வழக்கு

பதிவு செய்த உடற்பயிற்சிக் கலோரியில் பாதியை மட்டும் மீள உண்ணுமாறு பலர் அறிவுறுத்துகின்றனர். இது ஆய்விலிருந்து பிறந்த விதியன்று, பட்டறிவிலிருந்து வந்தது. எனினும் மேற்கண்ட எண்களை அடுக்கினால் அது ஏன் ஓரளவு பொருந்துகிறது என்பது விளங்கும். திரையில் தெரிவது 280 கலோரி. நிகரச் செலவு 200. அதில் 28 விழுக்காடு கழிய எஞ்சுவது 144. இது 280இல் ஏறத்தாழப் பாதி. 28 விழுக்காடு என்பது நெடுங்காலத்தில் பலரிடம் கண்ட சராசரியே என்பதால், ஒரு நாளின் நடைக்கு இக்கணக்கை அப்படியே பொருத்த இயலாது. விரைந்து ஓடுபவருக்கு நிகரச் செலவின் பங்கு அதிகம் என்பதால் பாதி என்பது குறைவாகவும் அமையலாம்.

அளவைச் சரிபார்த்தல்

பிழையுள்ள எண்களை ஒன்றோடொன்று கூட்டிக் கழிப்பதைவிட, உடல் எடையையே அளவுகோலாகக் கொள்வது நம்பத்தக்கது. நான்கு வாரங்கள் உணவை ஒரே விதமாகப் பதிவு செய்து, நாள்தோறும் காலையில் எடை பார்த்து, முதல் வாரத்துச் சராசரியையும் அதற்குச் சரியாக நான்கு வாரங்கள் கழித்து வரும் வாரத்தின் சராசரியையும் ஒப்பிட வேண்டும். குறைந்த எடையை 7,700ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் நாளொன்றுக்கான உண்மைப் பற்றாக்குறை கிடைக்கும். சராசரியாக 1,800 கலோரி உண்டவருக்கு 1.2 கிலோகிராம் குறைந்திருந்தால் பற்றாக்குறை 330. ஆகவே அவரது செலவு 2,130. இந்த எண்ணில் உடற்பயிற்சியும், உடலின் ஈடுசெய்தலும், கருவியின் பிழையும் ஏற்கனவே அடங்கிவிட்டன. உணவைப் பதிவதில் ஒருவர் வழக்கமாக 200 கலோரி விட்டுவிடுவாரெனினும் கேடில்லை. அதே அளவு தொடர்ந்து விடுபடும் வரை, வரம்பும் அதே அளவு நகர்ந்து கணக்கு சரியாகவே இருக்கும். பொறியியலில் பின்னூட்டக் கட்டுப்பாடு எனப்படுவதற்கு இது ஒப்பானது.

ஓரிரு நாள் எடையைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோசன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்தே வைத்திருக்கும். புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் தசைகளிலும் நீர் தங்கும். உப்பு, மாதவிடாய்ச் சுழற்சி ஆகியவையும் எடையை ஒரு கிலோகிராமுக்கு மேல் ஏற்றி இறக்கக்கூடும்.

பட்டினி நிலை பற்றிய கருத்து

உடற்பயிற்சிக் கலோரியை மீள உண்ணாவிட்டால் உடல் "பட்டினி நிலை"க்குச் சென்று எடை குறைவது நின்றுவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது மிகைக்கூற்று. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 இளைஞர்கள் பங்குபெற்றனர். ஆறு மாதங்கள் அவர்களுக்குத் தேவையில் பாதியளவே உணவு தரப்பட்டது. வாரத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது. அவர்களது வளர்சிதைமாற்றம் பெரிதும் தாழ்ந்தது. தாமாக அசைவதையே குறைத்துக்கொண்டனர். ஆயினும் எடை தொடர்ந்து குறைந்து, தொடக்கத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். எடை குறைவது நிற்கவில்லை, நின்றவை வேறு. மனச்சோர்வும், எரிச்சலும், உணவைத் தவிர வேறெதிலும் நாட்டமின்மையும் அவர்களைப் பற்றிக்கொண்டன. மீள உண்ண வேண்டியதற்கான உண்மைக் காரணங்களை இத்தகைய விளைவுகளிலேயே தேட வேண்டும்.

குறை ஆற்றல் கிடைப்பு

உண்ட ஆற்றலிலிருந்து உடற்பயிற்சிச் செலவைக் கழித்து, மீதியைக் கொழுப்பற்ற உடல் எடையால் வகுத்தால் கிடைப்பது ஆற்றல் கிடைப்பு எனப்படும். உடலின் பிற பணிகளுக்கு எவ்வளவு எஞ்சுகிறது என்பதை இது காட்டுகிறது. ஆன் லவுக்ஸ், ஜீன் துமா ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இளம் பெண்களின் ஆற்றல் கிடைப்பு கொழுப்பற்ற எடையின் கிலோகிராமுக்கு 30 கலோரிக்குக் கீழே சென்றபோது, இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இயக்குநீரின் துடிப்பு ஐந்து நாட்களுக்குள்ளேயே சீர்குலைந்தது. பின்வந்த ஆய்வுகள் இவ்வெல்லை ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று காட்டின. சுமார் 45 கலோரி போதுமான அளவாகக் கொள்ளப்படுகிறது.

55 கிலோகிராம் எடையுள்ள, 20 விழுக்காடு உடற்கொழுப்புக் கொண்ட ஓட்டக்காரப் பெண்ணின் கொழுப்பற்ற எடை 44 கிலோகிராம். அவர் நாள்தோறும் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 550 கலோரி செலவாகும். 1,600 கலோரி உண்டால் ஆற்றல் கிடைப்பு 24 மட்டுமே. 1,600 என்பது தனியே பார்க்கும்போது குறைவானதாகத் தோன்றாது என்பதே இதிலுள்ள இடர். இந்நிலை நீடித்தால் மாதவிடாய் நின்று, ஈத்திரோசன் குறைந்து, எலும்பு அடர்த்தி இழக்கப்படும்; நெடுந்தூர ஓட்டக்காரர்களில் காணப்படும் களைப்பு முறிவுகளுக்கு இது ஒரு முக்கிய காரணம். இழந்த அடர்த்தி முழுமையாக மீள்வதில்லை என்பதால் எலும்பு வளரும் பதின்ம வயதில் இது மேலும் கொடியது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி இதனைப் "பெண் விளையாட்டாளர் முக்கூட்டு நோய்" என 1997இல் விவரித்தது. ஆண்களும் பாதிக்கப்படுவதால், பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் "விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றற் குறைபாடு" என்னும் விரிவான பெயரை முன்வைத்தது.

ஆகவே கொழுப்பு மிகுந்து, வாரத்தில் சில நாட்கள் நடப்பவருக்கும், மெலிந்த உடலுடன் நாள்தோறும் கடும் பயிற்சி செய்பவருக்கும் ஒரே விடை பொருந்தாது. முன்னவர் மீள உண்ணாமையால் பெரிதும் இழப்பதில்லை. பின்னவருக்கு மீள உண்ணல் பயிற்சியின் ஒரு பகுதி.

சிறப்பு நிலைகள்

இன்சுலினோ, சல்பொனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கு உடற்பயிற்சியின்போதும், அதன் பின் பல மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் பயிற்சிக்கு முன்னோ பின்னோ மாவுச்சத்து உண்பது எடைக்கணக்கைச் சார்ந்ததன்று. மருந்தின் அளவோடு சேர்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டம், மிதிவண்டிப் பயணம் போன்றவற்றில் கிளைக்கோசன் தீர்ந்துவிடுவதால், எடை குறைப்பவரும் பயிற்சியின் நடுவிலேயே மாவுச்சத்து எடுத்துக்கொள்வது வழக்கம்.

உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களுக்குக் கலோரிப் பண்டமாற்று முறையே தீங்காக அமையலாம். உண்டதை ஈடுகட்ட அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வது புலிமியா நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக மருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ளது. உண்பதற்கு முன் ஓடியே ஆக வேண்டும் என்றோ, உண்டதற்குத் தண்டனையாக ஓட வேண்டும் என்றோ ஒருவர் எண்ணத் தொடங்கினால், அவருக்குக் கணக்கைத் திருத்துவது உதவாது. இத்தகையோருக்குச் சிகிச்சையின்போது கலோரி எண்ணும் செயலிகளையும் கருவிகளையும் விலக்கிவைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு.